அவர் மூடிக் கொடுத்த கோப்பு

பெயரைச் சொல்லப் போவதில்லை. அலுவலகத்தில் எல்லோரும் அவரை ரெக்கார்டு அக்கா என்றுதான் கூப்பிட்டோம். எனக்கு அந்தப் பெயரே போதும்.

கோவையில் சத்தி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது எங்கள் தொண்டு நிறுவனம். ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு ஒரு விடுதி, பக்கத்திலேயே குடும்ப ஆலோசனை மையம், இரண்டுக்கும் பொதுவாக ஒரு பதிவறை. விடுதிக்கு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அங்கே ஒரு கோப்பு உண்டு. யார் கொண்டுவந்து விட்டார்கள், ஏன் விட்டார்கள், அப்பா குடித்தாரா, அம்மா எங்கே போனாள், பக்கத்து வீட்டார் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். நான் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தபோது அந்த அறை அவர் பொறுப்பில் இருந்தது. அதற்குமுன் பல வருடம் களப்பணியில் வீடு வீடாக அலைந்தவர். முழங்கால் வலி வந்தபிறகு உள்வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பதவியில் நான் மேலே, வயதில் அவர் ஐந்தாறு வருடம் மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் மேடம் என்பார். அப்படியே பழகிவிட்டது.

அவரிடமிருந்து ஒரு விஷயத்தை வாங்குவது லேசில்லை. மதியம் எல்லோரும் டப்பாவைத் திறந்து, உன் வீட்டில் என்ன குழம்பு, என் வீட்டில் என்ன பொரியல் என்று பேசிக்கொண்டிருப்போம். அவரைக் கேட்டால், "சோறுதானுங்க" என்பார். மூடியைப் பாதி சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுவார். அவருடைய கணவர் எங்கே இருக்கிறார், என்ன வேலை என்று ஒன்பது வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் கோபப்படமாட்டார். "நல்லா இருக்காருங்க" என்று சொல்லிவிட்டு, நம்முடைய பிள்ளையின் பரீட்சையைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்.

யார் வந்து எந்தக் கோப்பைக் கேட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "எதுக்குங்க வேணும்?"

இயக்குநருக்கும் அதே கேள்விதான். ஒருமுறை நன்கொடை கொடுப்பவர்களுக்கு அனுப்ப, பத்துப் பிள்ளைகளின் கதையைப் படத்தோடு எழுதித் தரச் சொன்னார். அக்கா எழுதிக் கொடுத்தார். 'ஒரு பெண் குழந்தை. ஐந்தாம் வகுப்பு. கணக்கு நன்றாகப் போடுகிறாள்.' பத்தும் இதே மாதிரி. படம் இல்லை, ஊர் இல்லை, அப்பா அம்மா கதை இல்லை. இயக்குநர் அந்தத் தாளை என் மேசையில் போட்டு, "இதைப் படிச்சா யாருக்கு மனசு இளகும்?" என்று கேட்டார். நான் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"இளகோணும்னா வந்து புள்ளைங்களோட ஒருநாள் ஒக்காந்துட்டுப் போகட்டுங்க மேடம்" என்றார். அதற்குமேல் ஒரு வரிகூட வாங்க முடியவில்லை.

எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்தில். எங்கள் அலுவலகத்து ஓட்டுநரின் மகளுக்குக் கல்யாணம். பந்தியில் எனக்கும் அக்காவுக்கும் எதிரே ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தார். பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, பக்கத்தில் அவருடைய சம்பந்தி வீட்டார். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. இரண்டு வருடத்துக்குமுன் எங்கள் ஆலோசனை மையத்தில் முழங்கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர். நலமாகத்தான் இருக்கிறார் என்ற சந்தோஷத்தில் நான் யோசிக்காமல், "ஏனுங்க, எங்களை ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாளின் கை இலைமேல் அப்படியே நின்றது. சம்பந்தி திரும்பிப் பார்த்தார்.

அக்கா நிமிரவேயில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அவங்க இல்லீங்க மேடம். நீங்க சொல்றவங்க கணபதில துணிக்கடை வெச்சிருந்தாங்களே, அவங்க இத்தனை சேப்பு இல்லீங்க" என்றார். அந்த அம்மாள் மெதுவாகச் சிரித்தார். சம்பந்தி பாயசத்துக்குத் திரும்பிவிட்டார். வரும் வழியில் பஸ்ஸில் அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் காரமடை தாண்டும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விடுதியில் வளர்ந்த பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குப்பின் வந்து தங்கள் கோப்பைப் பார்க்கலாம் என்று எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. படிப்பவருக்கோ இன்னொருவருக்கோ பெரிய தீங்கு வரும் என்றால் அந்தப் பகுதியைக் காட்டாமல் இருக்கலாம். தீங்கு என்றால் எது, யார் அளப்பது என்றெல்லாம் அதில் இல்லை. நடைமுறையில் அளந்தவர் அக்காதான்.

ஒரு பிள்ளை வருகிறேன் என்று சொன்னால், முந்தின நாளே அந்தக் கோப்பை முழுதும் படிப்பார். ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய காலண்டர் தாளை நீளநீளமாகக் கத்தரித்து, காட்டக்கூடாத வரிகளின்மேல் வைத்துக் குண்டூசி குத்துவார். மையால் அடிக்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். "அழிச்சுப்போட்டா யாரு திருப்பித் தருவாங்க? மூடுனதுன்னா ஒருநாள் தொறக்கலாமுங்க" என்றார்.

அவர் அத்தனை கவனமானதற்குக் காரணம் இருந்தது. அவர் பதிவறைக்கு வருவதற்குமுன் ஒரு பெண்ணுக்குக் கோப்பை அப்படியே கொடுத்துவிட்டார்கள். அவளுடைய பிறப்பைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரி சொன்ன ஒரு வரி அதில் இருந்தது. உண்மையோ பொய்யோ, யாரோ கேட்டு யாரோ எழுதியது. அந்தப் பெண் நிச்சயமான கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கேயோ போய்விட்டாள். அதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா, "ஒரே ஒரு வரிங்க" என்பார்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு பெண் வந்தாள். பன்னிரண்டாவது முடித்து, நர்ஸிங் படிக்கச் சேரப்போகிறவள். நான்கு வயதில் விடுதிக்கு வந்தவள். அவளுக்கு உறவென்று இருந்தது ஒரே ஒரு அத்தை, அப்பாவின் தங்கை. பொங்கலுக்குப் பொங்கல் பாவாடை தைத்து எடுத்துக்கொண்டு அத்தை வருவார். தன் கோப்பைப் பார்க்கவேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டது நான். கோப்பைப் படிக்காமலே போட்டேன். அக்கா பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு.

மூன்று இடத்தில் காலண்டர் தாள் குத்திய கோப்பு அவளுக்குக் கிடைத்தது. அப்பா இறந்ததும், அம்மாவுக்கு மனநிலை சரியில்லாமல் சிகிச்சைக்குச் சேர்த்ததும் மட்டும் திறந்திருந்தன. அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு, "அம்மா இப்ப இருக்காங்களாங்க?" என்று கேட்டாள்.

"அதைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லீங்க கண்ணு" என்றார் அக்கா.

அவள் வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

எட்டு வருடம் கழித்து மறுபடி வந்தாள். ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். சென்னிமலைப் பக்கம் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள். அத்தைதான் முன்னால் நின்று எல்லாம் செய்கிறார் என்றாள். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒரு மனுவை வைத்தாள்.

"அந்தச் சீட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியோணுமுங்க மேடம். நான் தெனமும் யார்யாரு ஃபைலையோ படிக்கறேன். மருந்து குடுக்கறேன். என்னோடதை மட்டும் நான் படிக்க முடியலீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. நான் அக்காவை அழைத்தேன். அக்கா கதவோரம் நின்றபடியே, "அதுல வேற ஒருத்தர் சொன்னது இருக்குதுங்க மேடம். அவங்க உசுரோட இருக்காங்க" என்றார். அந்தப் பெண்ணை நேராகப் பார்க்கவில்லை. ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி அவளை அனுப்பினேன். கோப்பை என் மேசைக்குக் கொண்டுவரச் சொன்னேன். அக்கா கொண்டுவந்து வைத்துவிட்டு உடனே போய்விட்டார். வழக்கமாக அப்படிப் போகமாட்டார்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு குண்டூசிகளை எடுத்தேன்.

முதல் தாளுக்குக் கீழே அத்தை இருந்தார். குழந்தையைக் கொண்டுவந்து விட்டவர் அவர்தான். தாய் வந்து கேட்டால் குழந்தையைக் கொடுக்க வேண்டாம் என்றும், இதைச் சொன்னது தான் என்று குழந்தைக்குத் தெரியக்கூடாது என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்.

மற்ற இரண்டும் நான்காம் பக்கத்தில். தாய் குணமாகி வந்திருக்கிறாள். ஒரு வருடத்துக்குள் மூன்று முறை விடுதிக்கு வந்து குழந்தையைக் கேட்டிருக்கிறாள். முதல்முறை தூரத்திலிருந்து காட்டியிருக்கிறார்கள். அன்று இரவே குழந்தைக்குக் காய்ச்சல். அடுத்த இரண்டு முறையும், 'குழந்தையின் நலன் கருதி அனுமதிக்கவில்லை. திருப்பி அனுப்பப்பட்டார்.' கீழே தாயின் முகவரி, சத்தியமங்கலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு ஊர். அதற்குக் கீழே களப்பணியாளர் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நான் ஒன்பது வருடமாக வருகைப் பதிவேட்டில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோப்பை மூடிவிட்டு எழுந்தேன். பதிவறைக்குப் போனேன். அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்க கையெழுத்துங்களா அக்கா?"

"ஆமாங்க."

"அத்தையை மூடுனது சரி. இதை எதுக்கு மூடுனீங்க?"

அக்கா டப்பாவை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "அந்தப் புள்ளைக்காகத்தான்னு அன்னிக்கு நெனச்சேனுங்க. நர்ஸிங் சேரப்போற நேரம், மனசு ஒடஞ்சு படிப்பை உட்டுப்போட்டா என்ன பண்றதுன்னு. இப்பக் கேட்டா தெரியலீங்க மேடம். எம் பேரு இருக்குதேன்னும் மூடியிருக்கலாமுங்க. எது முதல்ல வந்துச்சுன்னு எனக்கே பிரிச்சுப் பாக்க முடியல" என்றார்.

அவரைத் திட்டவேண்டும் என்று வாய் வரை வந்தது. அனுமதித் தாளில் என் கையெழுத்து ஞாபகம் வந்து நின்றது.

"இந்தக் கோப்பை இனி நான் தொடக்கூடாதுங்க. நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். பிறகு, "அந்தப் புள்ளைக்குக் காட்டறதுக்கு முன்னாடி அந்த அட்ரஸ்ல ஆள் இருக்கான்னு ஒருக்கா போய்ப் பார்த்துட்டு வந்துரலாமுங்களா? நானும் வாரேன்" என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலைப் பஸ்ஸில் போனோம். அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம். அங்கிருந்து டவுன் பஸ். அக்காவால் படியில் ஏற முடியவில்லை. கம்பியைப் பிடித்து ஒவ்வொரு காலாக வைத்தார். வழியெல்லாம் மல்லிகைத் தோட்டம். ஊருக்குள் இறங்கி விசாரித்ததில் அந்தத் தாயின் தம்பி வீட்டைக் காட்டினார்கள். தம்பி மனைவி வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தார். யாரென்று நாங்கள் முழுதாகச் சொல்லவில்லை. கோயமுத்தூரிலிருந்து வருகிறோம், பழைய பழக்கம் என்றார் அக்கா.

"நங்கையாளுங்களா? அவங்க போயி நாலு வருஷமாச்சுங்களே" என்றார் தம்பி மனைவி. அங்கே நாத்தனாரை நங்கையாள் என்பார்கள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "காமாலைங்க. புத்தியெல்லாம் தெளிவாத்தான் இருந்துச்சு. தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போவாங்க, வருவாங்க. புள்ள கோயமுத்தூர்ல படிக்குதுன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லுவாங்க. போய்ப் பார்க்கறதுதானேம்பேன். அவ படிக்கட்டும், நான் போனா காய்ச்சல் வந்துருதுன்னு சொல்லுவாங்க."

அக்கா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். குடிக்கவில்லை.

தம்பி மனைவி பூவைக் கட்டியபடியே, "நீங்க அந்தப் புள்ளைய எங்காச்சும் பார்த்தீங்களாங்க?" என்று கேட்டார்.

அக்காவிடம் யாராவது ஏதாவது கேட்டு, அவர் திணறி நான் பார்த்தது அன்றுதான். "பார்த்தனுங்க. நர்ஸா இருக்குது. நெம்ப நல்ல புள்ளைங்க" என்றார். ஒரு கோப்பிலிருந்து யாருக்கும் எதையும் கொடுக்காதவர், கேட்காத தகவலையும் சேர்த்துச் சொன்னார். "கல்யாணம் ஆகப்போகுதுங்க."

திரும்பும் பஸ்ஸில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்று தெரியும். புளியம்பட்டி வந்ததும், "அந்தப் புள்ள பதினெட்டு வயசுல வந்தப்ப அவங்கம்மா இருந்திருக்காங்க மேடம்" என்றார்.

அந்த வாரக் கடைசியில் அந்தப் பெண் வந்தாள். நான்காம் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தேன். அத்தை சொன்ன வரிகளின்மேல் தாளை மறுபடி குத்தியிருந்தேன். அது அத்தை நம்பிச் சொன்னது, எங்கள் விதிப்படியும் அதைக் காட்டாமல் இருக்கலாம். நானே பேசிவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவர் கேட்கவில்லை. அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்கம்மா குணமாகி உங்களைத் தேடி வந்தாங்க கண்ணு. மூணு தடவை வந்தாங்க. நான்தான் உள்ள உடலைங்க."

அவள் பக்கத்தைப் பார்த்தாள். விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். கையெழுத்தில் விரல் நின்றது.

"நான் முன்னாடி வந்து கேட்டனேங்க. அப்ப அம்மா..."

"இருந்தாங்க."

"அதுக்கப்புறம்?"

"நாலு வருஷம் இருந்தாங்க. அதுக்கப்புறம் காமாலை வந்து போயிட்டாங்க. அந்த ஊருக்குப் போய் விசாரிச்சுட்டுத்தான் வந்தோமுங்க." பூத்தோட்ட வேலையைச் சொன்னார். காய்ச்சல் வந்துவிடும் என்று தாய் பயந்ததைச் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. மன்னித்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. கேட்டால் அவள் மன்னித்தாகவேண்டும் என்று ஆகிவிடுமே என்று நினைத்திருப்பார்.

அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் நர்ஸ்கள் நோயாளியின் சீட்டைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பக்கம் ஒரு நகல் வேணுமுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு முதல் பக்கத்தைப் புரட்டி, குத்தியிருந்த தாளின் ஓரத்தைத் தொட்டாள். எடுக்காதே என்று சொல்லும் தைரியம் அந்த அறையில் இருவருக்கும் இல்லை.

"இது யாருன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "வேற யாரு இருந்தா எனக்கு. மணமேடைல எம்பக்கத்துல நிக்கறதுக்கும் அவங்க ஒருத்தருதான் இருக்காங்க. இருக்கட்டுங்க."

கோப்பை மூடி என்னிடம் நகர்த்தினாள். போகும்போது எனக்கு வணக்கம் சொன்னாள். அக்காவுக்குச் சொல்லவில்லை.

அந்த மாதத்தோடு அக்கா வேலையை விட்டுவிட்டார். முழங்கால் என்று எழுதிக் கொடுத்தார். நாங்கள் வற்புறுத்தவில்லை, எனக்கு வற்புறுத்தும் அளவுக்குத் தெம்பும் இல்லை. பதிவறைக்குப் புதிதாக ஆள் எடுக்கவில்லை. சாவி என்னிடம் வந்தது. இப்போது கேட்டு வருகிற பிள்ளைகளுக்காக முந்தின நாள் உட்கார்ந்து படிக்கிறவள் நான். ஒவ்வொரு வரியிலும் நின்று, இதை மறைப்பது அவர்களுக்காகவா, எழுதினவர்களுக்காகவா, எங்களுக்காகவா என்று யோசிக்கிறேன். பல நாள் பதில் வருவதில்லை. ஒரு கோப்புக்கு இரண்டு நாள் ஆகிறது. இயக்குநர் ஏன் இத்தனை தாமதம் என்கிறார். அக்கா எப்படி இத்தனை வருடம் இந்த அறையில் உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துக்கொள்வேன். சரியென்று நம்பி உட்கார்ந்திருந்தார். நம்பிக்கை இருந்தால் உடம்பு தாங்கும்போல.

போன வருடம் அந்தப் பெண் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. கைக்குழந்தை அழும் சத்தம் பக்கத்தில் கேட்டது. நலம் விசாரித்துவிட்டு, "அந்த ரெக்கார்டு மேடத்தோட நம்பர் வேணுமுங்க" என்றாள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. "அவங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். சரியென்று வைத்துவிட்டாள்.

அக்காவுக்குப் போன் செய்தேன். யார் கேட்கிறார்கள் என்று சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"குடுத்துருங்க மேடம்" என்றார்.

கொடுத்தேன். அதற்குப்பிறகு அக்காவோடு இரண்டு மூன்று முறை பேசியிருக்கிறேன். முழங்காலைப் பற்றி, மழையைப் பற்றி. அந்தப் பெண் கூப்பிட்டாளா, என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.